கோகிலவாணி போட்ட எட்டு

கோகிலவாணி எட்டுப் போடப் போய் இன்னும் வீடு திரும்பவில்லை.

ஸ்கூட்டர் ஓட்ட லைசென்ஸ் வேண்டுமென்றால் ஆர்டிஓ ஆபீஸ் மைதானத்தில் எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். தரையில் சுண்ணாம்பால் பெரிய எட்டு வரைந்திருப்பார்கள். அந்தக் கோட்டின் மேலேயே வண்டி போக வேண்டும். கால் தரையில் படக் கூடாது. பிரேக் இன்ஸ்பெக்டர் போதும் என்று சொல்கிறவரை ஓட்ட வேண்டும். கோகிலவாணி அழகாக ஓட்டினாள். கால் ஊன்றவில்லை. கோட்டை விட்டு விலகவில்லை. பிரேக் இன்ஸ்பெக்டரும் போதும் என்று சொல்லவில்லை. அதனால் அவள் ஓட்டிக்கொண்டே இருந்தாள்.

அவளுடைய கணவன் சென்னியப்பன் காலையும் மாலையும் மைதானத்துக்கு வந்து போனான். எட்டுக்கு இடுப்பு என்று ஓர் இடம் உண்டு. கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடம். அங்கே நின்றால் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை அவள் கடந்து போவாள். முதல் தடவை இட்லியைக் கொடுப்பான். அடுத்த தடவை சட்னியைக் கொடுப்பான். பெட்ரோலைக் கூடவே ஓடி ஊற்றினான். பழகிவிட்டால் எதுவும் சிரமமில்லை.

மகள் தன்ஷிகாவும் அங்கேதான் நின்றாள். கோகிலவாணி ஒவ்வொரு முறை கடக்கும்போதும் ஒரு கையை நீட்டி மகளின் சடையில் ஒரு பின்னல் போட்டுவிட்டுப் போனாள். சடை மெதுவாக வளர்ந்தது. ஆனால் ஒழுங்காக வந்தது.

கோகிலவாணிக்குப் பின்னால் எல் போர்டு மாட்டிய வண்டிகளோடு பெரிய வரிசை காத்திருந்தது. அந்த வரிசையில் நின்ற இருவருக்கு இதற்குள் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவர்களும் இடத்தை விட்டுப் போகவில்லை. லைசென்ஸ் இல்லாமல் கல்யாணம் செய்து வைக்க மாட்டோம் என்று இரண்டு வீட்டாரும் சொல்லிவிட்டார்களாம்.

இந்தச் சென்னியப்பனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். கை சுத்தம், வாய் சுத்தம். ஆனால் அவனுக்கு எட்டு ஆகாது. எட்டு சனியின் எண் என்று யாரோ சின்ன வயதில் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து கண்ணில் படும் நம்பரையெல்லாம் கூட்டிப் பார்ப்பான். பஸ் நம்பரைக் கூட்டி எட்டு வந்தால் ஏற மாட்டான். அஷ்டமியன்று உப்புக்கூட வாங்க மாட்டான். மனைவி பதினேழாம் தேதி பிறந்தவள். ஒன்றும் ஏழும் எட்டு. கல்யாணத்துக்குப் பிறகுதான் அது தெரிந்தது. அதனால் அவளுடைய பிறந்த நாளைப் பதினெட்டாம் தேதி கொண்டாடிக்கொண்டிருந்தான். அவள் ஓட்டப் பழகிய ஸ்கூட்டர் அவளுடைய அண்ணன் கொடுத்தது. அதன் நம்பரைக் கூட்டினாலும் எட்டுதான். சென்னியப்பன் அதில் உட்கார்ந்ததே இல்லை.

மூன்று என்ற எண் வேறு ஒரு தனித் தொல்லை. மூன்று பேராகப் புறப்பட்டால் போகிற காரியம் விளங்காது என்பது அவன் முடிவு. வீட்டில் இருப்பதோ மூன்று பேர். எங்கே போனாலும் அவன் முன்னால் ஒரு பஸ்ஸில் போவான். மனைவியும் மகளும் அடுத்த பஸ்ஸில் வருவார்கள். கல்யாண வீடுகளில் பலர் அவனைப் பிரம்மச்சாரி என்று நினைத்திருந்தார்கள். அவர்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த குடும்பப் படத்தில் நான்காவதாக ஒரு குல்பி வியாபாரி நிற்கிறார். மூன்று பேராகப் படம் எடுக்கக் கூடாதே என்று தெருவில் போனவரைக் கூப்பிட்டு நிறுத்தியது. நல்ல மனிதர். பெயர் தெரியாது.

அவனைக் குறை சொல்வதற்கில்லை. நம்மில் பாதிப் பேர் இப்படித்தான். மீதிப் பேர் வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

புதன்கிழமை காலையில் சென்னியப்பன் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் போனான். அவர் உயரமான இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வாயில் விசில் இருந்தது. பேசும்போதும் அதை அவர் எடுப்பதில்லை. அதனால் ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் மெல்லிய விசில் சத்தம் வந்தது.

"எப்பங்க சார் போதும்னு சொல்லுவீங்க?"

"எட்டு முடிஞ்சதும் சொல்லீருவனுங்க."

"எட்டு எங்கீங்க முடியும்?"

"எனக்கெப்படீங்க தெரியும். ஓட்டறவங்கதான் பாத்துச் சொல்லோணும்."

"மத்தவங்களுக்கெல்லாம் முடிஞ்சுதுங்களே."

"அவங்க யாரும் நல்லா ஓட்டலீங்க. உங்க ஊட்டுக்காரம்மா நெம்ப நல்லா ஓட்டறாங்க."

சென்னியப்பன் யோசித்தான். அவன் ஒருமுறை தண்ணீர்த் தொட்டிப் பக்கமாக நின்று மைதானத்தைப் பார்த்திருந்தான். அதையும் கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

"தொட்டிகிட்ட நின்னு பாத்தா எட்டு படுத்திருக்குதுங்க சார்."

பிரேக் இன்ஸ்பெக்டரின் முகம் மாறியது. "அங்க நிக்காதீங்க. படுத்த எட்டு எங்க ஆபீஸ்ல வராதுங்க. அதுக்கு முடிவே இல்லைன்னு எழுதி மேல அனுப்பீருவாங்க. இங்கிருந்தே பாருங்க. நிக்கற எட்டுதான் எண்ணு."

"சரிங்க. இப்ப அவ காலை ஊனிட்டா என்னாகும்?"

"பெயிலுங்க. எட்டு போயிரும்."

"போயிரும்னா?"

"லூர்துமேரி மேடம் ஊட்டுக்கு வருவாங்க. எட்டை ஜப்தி பண்றவங்க. ஊட்ல இருக்கற ஒரு எட்டையும் விடமாட்டாங்க. அதுக்கப்புறம் உங்க குடும்பத்துக்கு ஏழு, ஒம்போதுதானுங்க. நடுவுல ஒண்ணும் இருக்காது."

சென்னியப்பனின் மனம் குளிர்ந்துபோனது. வாழ்நாள் முழுக்க எதை விட்டு ஓடினானோ அதை அரசாங்கமே வீடு தேடி வந்து எடுத்துக்கொண்டு போகிறது. மனைவியும் வீட்டுக்கு வந்துவிடுவாள். அவன் எட்டின் இடுப்புக்கு ஓடினான்.

"வாணி, காலை ஊனிரு."

அவள் கடந்து போய்விட்டாள். ஒரு வளைவு சுற்றி வந்தாள்.

"எதுக்குங்க?"

"எட்டைத் தூக்கிட்டுப் போயிருவாங்களாம். நம்ம ஊட்ல இனி எட்டே இருக்காதாம்."

அவள் போனாள். வந்தாள்.

"நாளைக்கு," என்றாள்.

போனாள். வந்தாள்.

"பாப்பாக்கு," என்றாள்.

போனாள். இந்தத் தடவை வளைவு நீளமாக இருந்ததுபோல் அவனுக்குத் தோன்றியது. வந்தாள்.

"என்ன வயசு?"

சென்னியப்பன் கூட்டினான். ஏழும் ஒன்றும். கூட்டியவன் அப்படியே நின்றான்.

தன்ஷிகாவுக்கு வியாழக்கிழமை எட்டு வயது ஆக வேண்டும். எட்டு இல்லையென்றால் ஏழிலிருந்து நேராக ஒன்பதுக்குப் போவாள். நடுவில் ஒரு முழு வருடம் இருக்காது. அவளுக்கு முன்பற்கள் இரண்டு விழுந்து, முளைக்கத் தொடங்கியிருந்தன. அவை வளர வேண்டிய வருடம் அதுதான். அவளுடைய சைக்கிளுக்குப் பின்னால் இரண்டு குட்டிச் சக்கரங்கள் இருந்தன. எட்டு வயதானதும் அவற்றைக் கழற்றிவிடுவதாக வீட்டில் ஒப்பந்தம். அவள் சைக்கிளில் போக, அம்மா பக்கத்திலேயே ஸ்கூட்டரில் வருவதாகவும் ஒப்பந்தம். லைசென்ஸ் எடுக்கக் கோகிலவாணி வந்ததே அதற்காகத்தான்.

மகள் மேல் சென்னியப்பனுக்கு உயிர். அவளுடைய வயதில் ஒரு வருடத்தை யாரோ சாக்கில் போட்டுக்கொண்டு போவதை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவன் எல் போர்டு வரிசைக்குப் பின்னால் போய் நின்று அழுதான். வரிசையில் நின்றவர்கள் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்கள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆபீஸ் கட்டடத்துக்குள் போனான். விதிவிலக்கு ஏதாவது கிடைக்கும் என்று நினைத்தான். உள்ளே நடைவழி நீளமாக இருந்தது. அவன் நடக்க நடக்க அது முன்னால் கொஞ்சம் நீண்டது. பரவாயில்லை என்று கொஞ்சம் வேகமாக நடந்தான். அதற்கு நடைவழியும் ஒத்துக்கொண்டது.

கடைசியில் நான்கு கவுண்டர்கள் இருந்தன. கூட்டல் கவுண்டரில் பெரிய கூட்டம். கழித்தலில் சிலர். வகுத்தலில் ஒருவர் நின்று தூங்கிக்கொண்டிருந்தார். பெருக்கல் கவுண்டர் பூட்டியிருந்தது. பூட்டின் மேல் குருவி கூடு கட்டியிருந்தது.

"அது எப்பங்க திறப்பாங்க?" என்று கூட்டல் கவுண்டரில் இருந்தவரிடம் கேட்டான்.

"அதுல ஆள் போட்டு நெம்ப வருசமாச்சுங்க. யாரும் வர்றதில்லை. நம்ம சனங்களுக்குக் கூட்டுத்தொகை தெரிஞ்சாப் போதும். உங்களுக்கு என்ன வேணுமுங்க?"

"பாப்பாக்கு எட்டு வேணுமுங்க. நாலும் நாலுமாப் பிரிச்சு வெச்சுக்கட்டுங்களா?"

"மேடம் கூட்டிப் பாத்துருவாங்க."

"அஞ்சும் மூணும்?"

"கூட்டுனா எட்டுதானுங்க. ஆறும் ரெண்டும் வெச்சாலும் எட்டு. ஏழும் ஒண்ணும் வெச்சாலும் எட்டு. பதினேழுன்னு ஒளிச்சு வெச்சாலும் எட்டு. எட்டை எத்தனையோ பேர் ஒளிச்சுப் பாத்துட்டாங்க. கூட்டலுக்குத் தப்ப முடியாதுங்க."

சென்னியப்பனுக்கு அது நன்றாகவே தெரியும். அவனே ஆயிரம் எட்டுகளை அப்படித்தான் பிடித்திருக்கிறான்.

வெளியே வந்து பக்கத்து வீட்டு நாகமாணிக்கத்தைப் பார்க்கப் போனான். நாகமாணிக்கம் நியூமராலஜி பார்க்கிறவர். அவருக்கு அதிர்ஷ்ட எண் ஆறு. சித்திரை மாதத்தில் அவர் ஆறாகவே ஆகிவிட்டார். வயிறு உருண்டு கீழே நின்றது. முதுகும் தலையும் மேலே எழும்பி முன்னால் வளைந்திருந்தன. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் மனைவி அவரைத் தலைகீழாகத் திருப்பி வைப்பாள். அப்போது ஒன்பது. ஒன்பது செவ்வாயின் எண். அந்த நேரத்தில் அவருக்குக் கொஞ்சம் முன்கோபம் வரும். சென்னியப்பன் போனபோது அவர் ஒன்பதாக இருந்தார்.

"பேர்ல ஒரு எழுத்து சேத்துக்க," என்றார் தரையிலிருந்து.

"யாரு பேர்லீங்க?"

"எட்டோட பேர்லதான். ஒரு எழுத்து எச்சா இருந்தா அது எட்டா இருக்காது."

"எட்டா இருக்கோணுமுங்க. அதானுங்க பிரச்சனை."

நாகமாணிக்கம் அவனை வெகுநேரம் பார்த்தார். தலைகீழாக இருந்ததால் அது என்ன பார்வை என்று சென்னியப்பனுக்குப் புரியவில்லை.

"எட்டு வேணும்னு இது வரைக்கும் ஒருத்தன் வந்ததில்லை. போயிரு," என்றார்.

மாலையில் சென்னியப்பன் மைதானத்துக்குத் திரும்பினான். ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. கோகிலவாணி கால் ஊன்றவே கூடாது. தன்ஷிகா எட்டு முடித்து ஒன்பதாகும்வரை அவள் ஓட்டட்டும். இட்லிக்கு மாவு அரைத்துக்கொண்டால் போயிற்று. அவன் எட்டின் இடுப்பில் போய் நின்றான்.

"ஊனாத வாணி. தப்பாச் சொல்லிட்டேன். ஓட்டிக்கிட்டே இரு."

போனாள். வந்தாள்.

"நா யோசிச்சுட்டனுங்க," என்றாள்.

போனாள். வந்தாள்.

"உள்ள இருந்து பாத்தா இது எட்டே இல்லீங்க."

போனாள். வந்தாள்.

"எடத்தால ஒரு வளைவு. வலத்தால ஒரு வளைவு."

போனாள். வந்தாள்.

"ரெண்டுதானுங்க. திருப்பித் திருப்பி ரெண்டு."

அப்போது தன்ஷிகாவின் சடை முடிந்திருந்தது. நுனிவரை பின்னியாகிவிட்டது. இனி ரிப்பன் கட்ட வேண்டும். பின்னலுக்கு ஒரு கை போதும். ரிப்பனில் பூ முடிச்சுப் போட இரண்டு கையும் வேண்டும்.

கோகிலவாணி வண்டியை நிறுத்தினாள். காலை ஊன்றினாள். மகளின் சடையில் ரிப்பனை வைத்து இறுக்கி முடிச்சுப் போட்டாள். முடிச்சின் இரண்டு காதுகளையும் சமமாக இழுத்துவிட்டாள்.

விசில் நீளமாக ஊதியது.

"பெயில்," என்றார் பிரேக் இன்ஸ்பெக்டர். முதல் முறையாக விசிலை வாயிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். நாற்காலியிலிருந்து இறங்கி டீ குடிக்கப் போனார். அவர் டீ குடித்து எவ்வளவோ நாளாகியிருந்தது. எல் போர்டு வரிசை முழுவதும் பெருமூச்சு விட்டது. கல்யாணம் நிச்சயமான இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

சென்னியப்பன் பயந்துதான் போயிருந்தான். ஆனாலும் மனைவி ஒரே இடத்தில் நிற்பதைப் பார்த்ததும் அவனுக்குச் சுமை இறங்கியது. அவள் இவ்வளவு உயரம் என்பதையே மறந்திருந்தான்.

பெயிலானவர் தன் எட்டைத் தானே சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். ஜப்தி வீட்டில்தான் நடக்கும். கோகிலவாணி சுண்ணாம்புக் கோட்டின் ஒரு முனையைத் தேடவில்லை. இடுப்பைப் பிடித்துத் தூக்கினாள். எட்டு முழுசாகக் கையோடு வந்தது. மடித்து ஸ்கூட்டர் டிக்கியில் வைத்துப் பூட்டினாள்.

"நா முன்னால பஸ்ல போறேன். நீங்க பின்னால வாங்க," என்றான் சென்னியப்பன். இந்த நிலைமையிலும் மூன்று பேராகப் போக அவனுக்கு மனம் வரவில்லை. கோகிலவாணி வண்டியைத் தள்ளிக்கொண்டு மகளோடு நடந்தாள்.

அவன் வீட்டுக்குப் போனபோது லூர்துமேரி மேடம் வேலையைத் தொடங்கியிருந்தார். கண்ணாடி போட்ட, அமைதியான பெண்மணி. பக்கத்தில் ஒரு கோணிச் சாக்கு வாய் திறந்து கிடந்தது. அவர் செருப்பை வாசலில் ஒழுங்காகக் கழற்றி வைத்திருந்தார்.

"கதவு நம்பர் இருபத்தாறுங்களா," என்றார். "ரெண்டும் ஆறும் எட்டு." சென்னியப்பன் துணி போட்டு மறைத்து வைத்திருந்த தகடு சாக்குக்குள் போனது.

மூலையில் இருந்த சிலந்தியைப் பிடித்தார். கால்களை எண்ணினார். சிலந்தி போனது. குடையை விரித்துக் கம்பிகளை எண்ணினார். குடையும் போனது. தினசரி காலண்டரை மடியில் வைத்துக்கொண்டு எட்டு, பதினேழு, இருபத்தாறு ஆகிய தேதித் தாள்களையெல்லாம் பக்குவமாகக் கிழித்தார். சுவர்க் கடிகாரத்திலிருந்து எட்டைச் சுரண்டி எடுத்தார். பிறகு சென்னியப்பனின் இடுப்பைப் பார்த்தார்.

"எட்டு முழ வேட்டிங்களா?"

"ஆமாங்க. இதை எண்ணவே இல்லீங்க."

அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சென்னியப்பன் உள்ளே போய் நாலு முழ வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்தான்.

கூடத்தில் தரை ஓடுகள் வரிசைக்கு ஐந்தாக ஐந்து வரிசை பதித்திருந்தன. லூர்துமேரி மேடம் அதைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"ஒத்தப்படையில சதுரமாப் பதிச்சிருக்கீங்க. ஒரு ஓட்டை விட்டுட்டா மீதி எட்டெட்டாப் பிரிஞ்சுருமுங்க. மூணுக்கு மூணு பதிச்சாலும் அப்படித்தான். ஏழுக்கு ஏழு பதிச்சாலும் அப்படித்தான். யாருக்கும் இது தெரியறதில்லை."

"அப்படீங்களா," என்றான் சென்னியப்பன்.

நடு ஓட்டை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் எட்டெட்டாக அடுக்கி எடுத்துக்கொண்டார். அதற்குள் கோகிலவாணி வந்துவிட்டாள். டிக்கியிலிருந்து மடித்த எட்டை எடுத்துக்கொண்டு நேராகச் சமையலறைக்குப் போனாள். உள்ளே எதையோ வெட்டும் சத்தம் கேட்டது. காய் நறுக்குகிறாள் என்று சென்னியப்பன் நினைத்தான்.

"பாப்பாவைக் கூப்பிடுங்க," என்றார் லூர்துமேரி மேடம்.

தன்ஷிகா ரிப்பனோடு வந்து நின்றாள்.

"நாளைக்கு என்ன வயசு கண்ணு?"

தன்ஷிகா அப்பாவைப் பார்த்தாள். சென்னியப்பன் முன்னால் வந்தான். கையைக் கூப்பினான்.

"மேடம், எனக்கும் ஒருக்கா எட்டு வயசாச்சுங்க. அதை எடுத்துக்குங்க. எனக்கு வேண்டாமுங்க. இவளுதை விட்டுருங்க."

"நீங்க அதை வாழ்ந்து முடிச்சுட்டீங்க," என்றார் அவர், மிருதுவாகவே. "பழசை எடுக்கறதில்லீங்க. ஒம்போதும் நல்ல வயசுதான். பாப்பா சீக்கிரம் பழகிக்குவா."

அவன் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டான். வேறு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

கோகிலவாணி முந்தானையில் கையைத் துடைத்தபடி சமையலறையிலிருந்து வந்தாள். சென்னியப்பனின் உள்ளங்கையில் எதையோ வைத்து விரல்களை மூடினாள். மகளின் கையிலும் வைத்து மூடினாள். பிறகு தன் கையையும் மூடிக்கொண்டாள். "இறுக்கிப் புடிங்க," என்றாள்.

"மைதானத்துல போட்ட எட்டு எங்கீங்க?" என்று கேட்டார் லூர்துமேரி மேடம்.

"பிரிச்சு ஆளுக்கொண்ணா வெச்சுக்கிட்டோமுங்க."

அவர் இரக்கத்தோடு சிரித்தார். "எல்லாரும் இதைத்தான் பண்றாங்க. கூட்டுனா வந்துருமுங்க. கையைத் திறங்க."

சென்னியப்பன் கையைத் திறந்தான். அதில் ஓர் இரண்டு இருந்தது. சுண்ணாம்பு வெள்ளையில், சின்னதாக. தன்ஷிகா திறந்தாள். ஓர் இரண்டு. கோகிலவாணி திறந்தாள். ஓர் இரண்டு.

லூர்துமேரி மேடம் கூட்டினார். ஆறு. வலமிருந்து கூட்டினார். ஆறு. நடுவிலிருந்து தொடங்கினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி கூட்டினார்.

"ஆறுதான் வருதுங்க," என்றார்.

"ஆமாங்க. ஆறுதானுங்க," என்றாள் கோகிலவாணி.

"மீதி ரெண்டு?"

"தேடிப் பாருங்க."

அவர் அரிசிப் பானைக்குள் பார்த்தார். அஞ்சறைப் பெட்டியைத் திறந்து பார்த்தார். ஸ்கூட்டரின் நம்பர் தகட்டைக் கழற்றிச் சாக்கில் போட்டுவிட்டு, டிக்கியில் கையை விட்டுத் துழாவினார். எங்கும் இரண்டு இல்லை. திரும்பி வந்து சாக்கின் வாயைக் கட்டினார்.

"ஆறு எங்க கணக்குல வராதுங்க. நல்ல எண்ணு. வெச்சுக்குங்க," என்றார். செருப்பைப் போட்டுக்கொண்டு சாக்கைத் தோளில் ஏற்றினார். வாசலில் நின்று தன்ஷிகாவுக்குப் பிறந்த நாள் வாழ்த்துச் சொன்னார். வயதைச் சொல்லவில்லை. அது அவருடைய நாகரிகம்.

அவர் தெருமுனை திரும்பும்வரை மூவரும் வாசலில் நின்று பார்த்தார்கள்.

"வாணி, மீதி ரெண்டை எங்க ஒளிச்ச?" என்றான் சென்னியப்பன்.

"மீதின்னு ஒண்ணுமே இல்லீங்க. எட்டை ரெண்டால வகுத்தேன். வகுத்த ரெண்டை உங்ககிட்டக் குடுத்தேன். நாலு மிஞ்சுச்சு. அதை ரெண்டால வகுத்தேன். அந்த ரெண்டு பாப்பாக்கு. கடைசியா மிஞ்சுன ரெண்டு எனக்கு."

"அப்ப எட்டு எங்க?"

"இங்க வாங்க."

கூடத்தில் ஓர் ஓடுதான் மிச்சமிருந்தது. அவள் அதன் மேல் நின்றாள். மகளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். அவனுக்குக் கொஞ்சம் இடம் விட்டாள். சென்னியப்பன் நாலு முழ வேட்டியைச் சரிசெய்துகொண்டு அதில் ஏறினான். மூவரும் ஒட்டி நிற்க வேண்டியிருந்தது.

"கூட்டாதீங்க. பெருக்குங்க," என்றாள் கோகிலவாணி.

அவன் வாழ்க்கையில் எதையும் பெருக்கிப் பார்த்ததில்லை. உதடு அசையப் பெருக்கினான். ஈரிரண்டு நாலு. நாலிரண்டு எட்டு. மறுபடியும் பெருக்கினான். எட்டுதான். இதற்கு முன்னால் அந்த எண் வந்தபோதெல்லாம் அவன் ஒதுங்கிப் போவான். இந்தத் தடவை சிரிப்பு வந்தது. மகளின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் சிரித்தான். ரிப்பன் அவன் மூக்கில் பட்டது.

பிறகு அவனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. "அப்ப மூணு பேரும் எப்பவும் சேந்து இருக்கோணுமா?"

"எண்ணிப் பாக்கறப்ப சேந்து இருந்தாப் போதுமுங்க. ஒருத்தர் இல்லாமப் போனா நாலுதான்."

"மூணு பேரா," என்றான் அவன்.

"மூணு பேராத்தானுங்க," என்றாள் அவள்.

வியாழக்கிழமை காலை சென்னியப்பன் சைக்கிளின் குட்டிச் சக்கரங்களைக் கழற்றினான். தன்ஷிகா புதுப் பாவாடையில் சைக்கிளில் ஏறினாள். கோகிலவாணிக்கு லைசென்ஸ் இல்லை. ஸ்கூட்டர் வீட்டிலேயே நின்றது. அவள் இடப்பக்கம் நின்றாள்.

"நா முன்னால பஸ்ல," என்று சென்னியப்பன் தொடங்கினான். வாய்க்குப் பழகிப்போனது. தன்ஷிகா திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் வாக்கியத்தை விட்டுவிட்டு வலப்பக்கம் போய் நின்றான்.

மூவரும் புறப்பட்டார்கள். சைக்கிள் இடது பக்கம் வளைந்தது. கோகிலவாணி பிடித்துக்கொண்டாள். வலது பக்கம் வளைந்தது. சென்னியப்பன் பிடித்துக்கொண்டான். அப்படியே தெருவைக் கடந்தார்கள். காம்பவுண்டுச் சுவருக்கு மேல் நாகமாணிக்கத்தின் வளைந்த தலை தெரிந்தது. காலை நேரம் என்பதால் ஆறாகத்தான் இருந்தார்.

"மூணு பேராப் போறீங்க," என்றார்.

"ஆமாங்க," என்றான் சென்னியப்பன். அவனுக்கு மூச்சு வாங்கியது. சந்தோஷமாக இருந்தது.

பள்ளிக்கூட வாசலில் ஒரு குல்பி வண்டி நின்றது. அவர்கள் வீட்டுச் சுவரில் இருக்கிற அதே மனிதர். சென்னியப்பன் போனை எடுத்ததும் அவர் புரிந்துகொண்டார். தலையைக் கையால் படிய வாரிக்கொண்டு முன்னால் வந்தார்.

"நான் எந்தப் பக்கமுங்க நிக்கட்டும்?"

சென்னியப்பன் போனை அவர் கையில் கொடுத்தான். "நீங்க எடுங்க. மூணு பேரு போதும்."

அவருக்கு ஒன்றும் வருத்தமில்லை. மூவரையும் சேர்ந்து நிற்கச் சொன்னார். இன்னும் கொஞ்சம் ஒட்டி நிற்கச் சொன்னார். படம் எடுத்துக்கொண்டே கேட்டார்.

"பாப்பாக்கு இன்னிக்கு என்ன வயசுங்க?"

தன்ஷிகா இடப்பக்கம் பார்த்தாள். அம்மா இருந்தாள். வலப்பக்கம் பார்த்தாள். அப்பா இருந்தார்.

"எட்டு," என்றாள்.

பள்ளிக்கூட மணி அடித்தது. மூவரில் யாரும் உடனே நகரவில்லை.